மிளகாய்த் தட்டு, பதினாறாம் நாள்

மூன்று மணிக்கு மச்சாள் வருவார், இப்போது இரண்டேகால், எழுபத்திரண்டு குழியில் ஒரு குழிகூடப் பச்சை காட்டவில்லை. சற்குணவதி பேஸ்மென்ற்றில் ஃபேர்னஸுக்கு முன்னால் பழைய சமையலறைக் கதிரையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். வீட்டுக்கெல்லாம் சூடு அனுப்பும் அந்தப் பெட்டியின் தலைக்கு மேலே ஒரு பலகை, பலகையில் நாற்றுத் தட்டு, தட்டுக்கு மேலே பிளாஸ்ரிக் மூடி. மூடியைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள், பார்க்காதவள் போலத் திரும்பவும் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு மண். வேறொன்றுமில்லை. அறுபத்திரண்டு வயதில் கதிரையில் ஏறி விழுந்தால் ஆர் அம்மா தூக்கிறது என்று மகன் துஷ்யந்தன் கேட்பான், ஒட்டாவாவில் இருந்துகொண்டு கேட்பான், ஒருவரும் தூக்கவேண்டாம், நான் விழமாட்டேன். தைப்பூசத்தன்று போட்டது, இன்றைக்குப் பதினாறாம் நாள். மற்ற வருசங்களில் ஒன்பதாம் நாள், மிஞ்சிப்போனால் பதினோராம் நாள், முதல் மிளகாய் முதுகை வளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். வெளியே மைனஸ் பதினெட்டு, கொல்லைப்புறத்துக் கதவில் பனி இடுப்பளவு. மே மாத லோங் வீக்கென்ட் கழியாமல் எந்த நாற்றையும் வெளியே நடமுடியாது, ஒரே இரவில் சுருண்டுவிடும். அதற்காகச் சும்மா இருந்துவிட்டு மே மாதம் விதை போட்டால் பூ வரும்போது திரும்பவும் குளிர் வந்துவிடும். ஆகவே இந்த நாட்டில் தோட்டம் என்பது மாசிப் பனியில், ஜன்னலில்லாத அறையில், ரியூப்லைற்றுக்குக் கீழே தொடங்குவது. முதலில் மிளகாய், பிறகு கத்தரி, மார்ச் நடுவில் தக்காளி, கடைசியாகக் கோயில் மாலைக்குச் செவ்வந்தி. இது ஸ்காபரோவில் அவளைத் தெரிந்த முப்பது வீட்டுக்கும் தெரியும். மச்சாளுக்கும் தெரியும். தெரிந்துதான் போன சனிக்கிழமை ரெலிபோன் எடுத்தார்.

"குணம், விதை போட்டிட்டியாமே? ஆரைக் கேட்டுப் போட்டனி?" என்றுதான் தொடங்கினார் தில்லைநாயகி மச்சாள். செத்துப்போன புருசன் கிருபாமூர்த்தியின் மூத்த அக்கா, எழுபத்திநாலு வயது, குரலுக்கு நாற்பது. "தம்பி போய் இன்னும் வருசம் திரும்பேல்லை. இந்த ஒரு வருசம் நீ ஒண்டும் தொடக்கி வைக்கக்கூடாது. உனக்குத் தெரியாததே? முப்பது வீட்டுச் சனம் கொண்டுபோய் நடுற கண்டு. சாமிக்குப் போற பூ. நாளைக்கு ஒருத்தற்ற வீட்டில ஒரு தலையிடி காய்ச்சல் எண்டாலும் உன்னைத்தான் சொல்லுவினம். உனக்காகத்தான் சொல்லுறன்." அது உண்மை, அவளுக்காகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. செத்தவீட்டிலிருந்து அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை முப்பத்தொரு நாளும் இந்த வீட்டில் அடுப்பு மூட்டியது மச்சாள்தான், முழங்கால் வீங்க வீங்க நின்று சமைத்தவர். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, போட்டது போட்டாச்சு. அடுத்த சனி வாறன். முளைச்சிருந்தா உன்ர பாடு. முளைக்காட்டி அந்த விதை டின்னைத் தா, ஏஜக்ஸில இருக்கிற பவானியிட்டைக் குடுப்பம், அவள் சுமங்கலிப் பிள்ளை, குங்குமத்தோட லட்சணமாப் போட்டுத் தருவாள்" என்றார். அதற்குச் சற்குணவதி சொன்னது "ம்". அந்த ஒரு "ம்" ஏழு நாளாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. ம் என்றால் சரி என்று அர்த்தமா? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம் இல்லையா? கொதித்த பாலை இறக்குகிற அவசரத்தில் வந்த ம். இல்லை, பால் அடுப்பில் இருக்கவில்லை, பொய் சொல்லாதே, நீ பயந்து சொன்ன ம் அது. முளைக்கும் என்ற திமிரில் சொன்ன ம்மும்தான். இரண்டும் கலந்தது. விதைக்குப் பரீட்சை வைப்பதற்குச் சம்மதித்துவிட்டு இப்போது கதிரையில் ஏறி நின்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள் அறுபத்திரண்டு வயதுப் பரீட்சைக்காரி.

கைராசிக்காரி. அப்படித்தான் சொன்னார்கள், பத்தொன்பது வருசம். குணமக்கா போட்டா கல்லும் முளைக்கும். குணமக்கான்ர கத்தரிக் கண்டெண்டா அணிலும் தொடாது. மே மாதம் ஒழுங்கையெல்லாம் காரை விட்டுவிட்டு, காட்போட் பெட்டியோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள், போகும்போது தவறாமல் அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போன பெண்கள் உண்டு, கை பட்டால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். இதே கை. வலது சுட்டுவிரலில் அரிவாள் வெட்டிய தழும்புள்ள இதே கை. புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, ஆஸ்பத்திரி ஆறாம் மாடியில், கிருபாமூர்த்தி மூச்சை விட்டார், அந்த நிமிசத்தோடு இந்தக் கையிலிருந்தும் ஏதோ இறங்கிப் போய்விட்டதாம். எங்கே போனது? விரலிலா இருந்தது? நகத்திலா? அவருக்குத் தோட்டத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் இலை வித்தியாசம் கடைசிவரை தெரியாது அந்த மனுசனுக்கு. மே மாதம் தட்டுகளை மேலே தூக்கிக்கொண்டு போய் வைப்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன அரசாங்க உத்தியோகமே, விடப்பா" என்பார், போய் நியூஸ் பார்ப்பார். அப்படிப்பட்டவருடைய மூச்சில்தான் மிளகாய் முளைத்ததென்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். சிரிப்பு வரும்போது இருமலும் சேர்ந்து வரும் அவருக்கு. கடைசி ஆவணியில் இருமல் மட்டும் வந்தது. அவர் போன கிழமை தோட்டத்தில் தக்காளி பழுத்துக் கிடந்தது, செடியிலேயே வெடித்தது, ஆட்கள் கறுப்புச் சப்பாத்தோடு அதைத் தாண்டிப் போனார்கள். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் பழம் பறிக்கக் கடகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆரோ ஒரு அக்கா வந்து, "என்ன பிள்ளை இது, இப்ப போய்" என்று கையிலிருந்து கடகத்தை வாங்கிக்கொண்டார். மெதுவாகத்தான் வாங்கினார். கொடுத்துவிட்டாள். அதையும் கொடுத்துவிட்டாள், இதற்கும் ம் என்றுவிட்டாள், இப்படியே போனால் என்ன மிஞ்சும்?

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி மரீயாவை மச்சாளுக்கு மறந்துபோயிற்று. இந்த வீட்டை வாங்கி வந்தபோது சற்குணவதிக்கு விதையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் ரைப்பிஸ்ற்றாக இருந்தவள், மரக்கறி சந்தையில் விளைகிறது என்று நினைத்து வளர்ந்தவள். வேலிக்கு மேலால் தயிர்க் கோப்பையில் தக்காளி நாற்றை நீட்டி, உள்ளே எப்படிப் போடுவது, எங்கே சூடு, எத்தனை நாள் என்று விரலால் எண்ணிக் காட்டியது மரீயாதான். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு. புருசன் செத்து முப்பது வருசம், முப்பது வருசமும் கறுப்பு. அந்தக் கையில் முளைக்காதது ஒன்றுமில்லை. அந்தக் கை கொடுத்த முதல் தக்காளியில் சொதி வைத்து, அதை மச்சாள் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். அப்போது ஏன் தொண்டையில் நிற்கவில்லை? வெள்ளைக்காரிக்கு வேறு சட்டமா? கேட்கவேண்டும் இன்றைக்கு. கேட்கமாட்டாய். வந்தவுடன் தேத்தண்ணி போடப் போய்விடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

அவள் கதிரையிலிருந்து இறங்கினாள், ஐஸ் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினாள். மூலைக் குழியைத் தோண்டிப் பார்த்தால் என்ன? வேர் விட்டிருந்தால் தெரிந்துவிடும். தோண்டினால் விட்ட வேரும் அறும். ஒரு குழி போனால் போகட்டும், எழுபத்தொன்று மிச்சம். குச்சி மண்ணில் கால் அங்குலம் இறங்கியது, கை நின்றுவிட்டது. அழுகியிருந்தால்? குச்சி நுனியில் பழுப்பாக நசிந்து வந்தால்? அப்போது மச்சாள் வேண்டாம், முப்பது வீடு வேண்டாம், நீயே உன் கையைப் பார்த்துக் கேட்பாய். ஏற்கெனவே கேட்டாயிற்று. புதன்கிழமை குளியலறையில், சோப்பு நுரையோடு, விளக்குக்குக் கீழே இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாளே, அதற்குப் பெயர் என்ன? படித்தவள், பதினேழு வருசம் கச்சேரியில் குப்பை கொட்டியவள், கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே புதன்கிழமைதான் கடுகுப் போத்தலும். கடுகு மூன்றே நாளில் முளைக்கும். மண்ணில் தூவிவிட்டால் சனிக்கிழமைக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும், இரண்டு இலையோடு, சின்னக் கண்டெல்லாம் பார்வைக்கு ஒரே சாதிதான். மச்சாளுக்கு மிளகாய்க் கண்டுக்கும் கடுகுக் கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு ஆசை வந்திருக்காது. போத்தலைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தும் விட்டாள், இந்தப் படியால் பாதி இறங்கியும் விட்டாள். திரும்பிப் போய்க் கடுகைப் போத்தலில் கொட்டினாள். நேர்மையென்று ஒன்றுமில்லை, அப்படி யாரும் நினைத்துவிடவேண்டாம். தன்னுடைய அடுப்படிச் சாமானிடம் போய்த் தன்னுடைய கைக்கு நற்சாட்சிப் பத்திரம் வாங்குவதா என்று ஒரு வெப்பியாரம், ஒரு மனக்கொதிப்பு, வந்தது, அவ்வளவுதான்.

பயம் அப்படியல்ல, வெப்பியாரம் வந்தாலும் போகாது. பயத்துக்கு வயது அதிகம். பதினேழு வயதில் அட்வான்ஸ் லெவல் சோதினையின் முதல் நாளன்று போகும்போது, படலையில் கையை வைத்தவளை அம்மா பின்னால் இழுத்தார். "பொறு, நாகம்மா போகட்டும்." முன்வீட்டு நாகம்மா, புருசனை இழந்தவர், வாளியோடு ஒழுங்கையில் வந்துகொண்டிருந்தார், அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருந்திராது அவருக்கு. வெள்ளைச் சட்டையும் புத்தகமுமாய் நின்றவளைக் கண்டார். தானாகவே நாலு அடி பின்னால் போய், பூவரச மரத்துக்குப் பின்னால் வாளியை வைத்து, தண்ணீர் தளும்பாமல் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார், பிள்ளை நல்ல சகுனத்தோடு போகட்டும் என்று. அம்மா, "போ இப்ப" என்றார். போனாள். என்ன நினைத்தாள் அப்போது? ஒன்றும் நினைக்கவில்லை. பஸ் போய்விடும் என்று நினைத்தாள். நாலு பாடமும் பாஸ், நாகம்மாவுக்கு அதில் பங்கில்லை. நாற்பத்தைந்து வருசமாக ஒரு நாளும் நினைவு வராத மனுசி தை மாதத்திலிருந்து ஏன் வருகிறார்? ஏனென்றால் இன்றைக்கு டின்னைக் கொடுத்தால் மரத்துக்குப் பின்னால் போய் நிற்பது அதுதான். யாரும் தள்ளமாட்டார்கள். ஒரு வருசம்தானே என்பார்கள். ஒரு வருசம் கழிய, பவானி நல்லாப் போடுறாள் அக்கா, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், றெஸ்ற் எடுங்கோ என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். டின் திரும்பி வராது. அதற்குள் இருப்பது விதை மட்டுமா, பத்தொன்பது வருசம் ஒவ்வொரு ஆவணியும் முதல் காயைச் சாப்பிடாமல் முற்றவிட்டு, கீறி, சாம்பல் பூசிக் காயவைத்து, கடதாசியில் மடித்து எழுதிய அவள். நாகம்மா, மன்னித்துக்கொள், நீ ஏன் நகர்ந்தாய்? நடந்து போயிருக்கவேண்டும் என் முன்னால். சோதினை பெயிலாகியிருந்தாலும் பரவாயில்லை.

கண் கலங்கியதில் கதிரை ஆடியது, அல்லது கதிரை ஆடியதில் கண் கலங்கியது, எப்படியோ அவள் விழாமல் இருக்க ஃபேர்னஸின் தலையில் உள்ளங்கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுக்கவில்லை. குளிர்ந்தது. பிரிட்ஜ் கதவில் கை வைத்த மாதிரி இருந்தது. உள்ளே உறுமிக்கொண்டு எரிகிறது, மேலே வீடெல்லாம் சூடு, தலையில் சூடில்லை. மற்றக் கையையும் வைத்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பழைய ஃபேர்னஸ் இப்படியில்லை, மண்ணிறத்தில் ஒரு பெரிய பூதம், முப்பது வருசக் கிழடு, தலையில் கை வைத்தால் பொறுக்கமுடியாது, அதனால்தான் செங்கட்டியும் பலகையும் வைத்து அதற்கு மேலே தட்டை வைப்பது வழக்கம். கார்த்திகையில் துஷ்யந்தன் வந்து, "அம்மா, இது பழசு, கான்ஸர் பிடிச்ச மாதிரி இருமுது, புதுசு போடுவம்" என்று சொல்லி, சொன்ன பிறகு தகப்பனை நினைத்து வாயை மூடிக்கொண்டு, வெள்ளை நிறத்தில் இதைப் பூட்டுவித்துவிட்டுப் போனான். கொஞ்சச் சூடும் வீணாகாதாம், எல்லாம் மேலே போய்விடுமாம். போய்விட்டது. தட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பதினாறு நாளாக எழுபத்திரண்டு மிளகாயும் குளிரில் போர்வையில்லாமல் படுத்திருக்கின்றன, எழும்பு எழும்பு என்றால் எப்படி எழும்பும்? செங்கட்டியை வைத்தது அவள், பலகையை வைத்தது அவள், ஒரு தரமாவது அடியில் கையை வைத்துப் பார்க்கவில்லை. வழக்கம்! நானும் வழக்கத்தைப் பார்த்துத்தானே வைத்தேன், மச்சாளை மட்டும் என்ன சொல்ல. சிரிப்பு வந்தது அவளுக்கு, ஆளில்லாத பேஸ்மென்ற்றில், கதிரையின் மேல், சத்தமாக. கை இல்லை! கையில் ஒன்றுமில்லை! ஃபேர்னஸ்! வரட்டும் மச்சாள், இழுத்துக்கொண்டு வந்து இந்த வெள்ளைப் பெட்டியின் தலையில் அவருடைய கையைப் பிடித்து வைக்கவேண்டும், வைத்துப் பாருங்கோ, சூடு இருக்கோ சொல்லுங்கோ, பிறகு பேசுங்கோ கைராசி. மேலே குசினியில் பிரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பான இடம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைத்தால் அழுகாததெல்லாம் ஒரு கிழமையில் வரும், வந்தால் படம் எடுத்து முப்பது வீட்டுக்கும் அனுப்பவேண்டும், ஏஜக்ஸுக்கும்.

அந்தச் சந்தோசம் ஒரு நாலு நிமிசம் இருந்தது. பிறகு அதிலும் ஒரு முள் தட்டுப்பட்டது. காரணம் கிடைத்துவிட்டது, நல்லது. கிடைக்காமல் போயிருந்தால்? ஃபேர்னஸ் சுட்டிருந்து, மண் நல்லதாக இருந்து, விதை நல்லதாக இருந்து, அப்படியும் முளைக்காமல் போயிருந்தால், அப்போது இந்தக் கை குற்றவாளியா? மரீயாவுக்கு ஒரு வருசம் ஒரு தட்டு முழுக்கப் பூஞ்சணம் பிடித்துச் செத்தது, தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பப் போட்டாள். இவளுக்கே ஏழெட்டு வருசத்துக்கு முன்னம் கத்தரி பாதி வரவில்லை, அவர் அப்போது குத்துக்கல்லுப் போல மேலே இருந்து நியூஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கையை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, விதை பழசு என்றார்கள். ஃபேர்னஸைக் காட்டினால் என்ன அர்த்தம்? மச்சாளின் நீதிமன்றத்தில் ஏறி, ஐயா நான் செய்யவில்லை அதோ அவன் செய்தான் என்று சொல்வது. அந்த நீதிமன்றமே வேண்டாம் என்றல்லவா சொல்லவேண்டும். வாதாடி வென்றால் அடுத்த தரமும் வழக்குப் போடுவார்கள். காட்டமாட்டேன். ஃபேர்னஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கும் துஷ்யந்தனுக்கும் இடையிலான கதை, இரவைக்கு அவனுக்கு ரெலிபோனில் நல்லாகக் கொடுக்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டு தட்டின் மூடியை அழுத்தி மூடினாள்.

வாசல் மணி அடித்தது. இரண்டு ஐம்பது. மச்சாள் எப்போதும் பத்து நிமிசம் முந்தித்தான்.

கதவைத் திறந்தபோது குளிர்தான் முதலில் உள்ளே வந்தது, அதற்குப் பின்னால் பெரிய ஜக்கற்றுக்குள் மச்சாள், நெற்றியில் கோயிலிலிருந்து வந்த புதுக் குங்குமம். தெருவில் மச்சாளின் புருசன், அத்தார், காரை நிறுத்தாமல் உறுமவிட்டபடி இருந்தார், டின்னை வாங்கிக்கொண்டு உடனே போகிற திட்டம். மச்சாள் பூட்ஸைக் கழற்றவுமில்லை.

"முளைச்சதே?"

"இல்லை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும் இல்லை மச்சாள். எழுவத்திரண்டும் அப்பிடியே கிடக்கு."

மச்சாளின் முகத்தில் வெற்றி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கவலைதான் வந்தது, நிசமான கவலை, முழங்கால் வீங்கச் சமைத்த அதே முகம். அதற்கு முன்னால் நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் சொன்னன் தானே, பிள்ளை," என்றார் மெதுவாக. "சரி, மனசை விடாதை. டின்னைக் கொண்டா, அத்தார் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"தரமாட்டன்."

"என்ன?"

"டின் தரமாட்டன் மச்சாள்."

"அண்டைக்கு ம் எண்டு சொன்னனி!"

"சொன்னனான். சொல்லியிருக்கக்கூடாது. கத்தரி வாற கிழமை போடப்போறன். பிறகு தக்காளி. பிறகு கோயில் செவ்வந்தி."

"முளைக்காட்டி?"

"முளைக்காட்டித் திரும்பப் போடுவன்."

"சனம் வாங்காட்டி?"

"வாங்காட்டி விடட்டும். என்ர கொல்லையில நடுவன். எழுவத்திரண்டு மிளகாயையும் நானே தின்னுவன்" என்றாள். சொல்லிவிட்டு, மேற்கொண்டு அங்கே நின்றால் தேத்தண்ணி போடவேண்டிவரும் என்று திரும்பிப் படியிறங்கினாள். தட்டை மேலே கொண்டுவரும் வேலை கிடந்தது, இன்னும் ஒரு மணித்தியாலம்கூட அதைக் குளிரில் விடமுடியாது. பின்னால் பூட்ஸ் கழற்றும் சத்தம், பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். மச்சாள் விடுகிற ஆளில்லை.

சற்குணவதி கதிரையில் ஏறித் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஒற்றைக் காலால் தடவித் தடவி இறங்கினாள். ஈர மண், நல்ல பாரம். மூடி சரிந்து கன்னத்தில் இடித்தது. மச்சாள் கடைசிப் படியில் நின்று பார்த்தார். என்ன இருந்தாலும் தம்பியின் பெண்சாதி, அவள் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. "விழுந்து துலையப்போறாய். விடு, ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்" என்று காப்புகள் குலுங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"தொடாதேங்கோ!"

மச்சாளின் கை அந்தரத்தில் நின்றது. எழுபத்திநாலு வயதில், நிறைந்த நெற்றியோடு, இந்தச் சொல்லை அவர் பிறருக்குச் சொல்லியிருக்கிறார், பிறர் சொல்லக் கேட்டதில்லை.

"என்ன சொன்னனி?"

"தொடாதேங்கோ மச்சாள். நாளைக்கு இது முளைச்சா உங்கட கை பட்டுத்தான் முளைச்சதெண்டுவினம். இது என்ர கை போட்டது. முளைச்சாலும் செத்தாலும் என்ர கையாவே இருக்கட்டும்."

நாலு அடி தூரத்தில் இருவரும் நின்றார்கள், நடுவில் தட்டு. மேலே தெருவில் அத்தார் ஒரு தரம் ஹோர்ன் அடித்தார். மச்சாள் நீட்டிய கைகளைத் தானே ஒரு தரம் பார்த்தார், முன்னும் பின்னும், பிறகு ஜக்கற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார்.

"படி தெரியேல்லை," என்றாள் சற்குணவதி. "அந்த லைற்றைப் போடுங்கோ."